ஊதாத் துணி போட்ட டி.வி.

நாற்பது நாள் டி.வி. பார்க்காமல் இருப்பதை யாரும் பெரிய தியாகம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அது 1996-ம் வருஷம். உலகக் கோப்பை கிரிக்கெட் நம் நாட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. டி.வி.யை விட்டவரோ சாந்தோம் இக்னேஷியஸ். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மர்சலின் டீச்சர் ஏன் அப்படிப் பூரித்துப்போனாள் என்பது புரியும்.

இக்னேஷியஸ் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதமே வீட்டுக்குக் கேபிள் வந்தது. அன்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், பிறகு பூசைக்கும் குளியலுக்கும் மட்டும் எழுந்தார். செய்தி, கிரிக்கெட், கறுப்பு வெள்ளைப் படம், ஒரு வார்த்தை புரியாத இந்தி நாடகம், எது ஓடினாலும் சரி. சாப்பாட்டுத் தட்டு மடியில் இருக்கும், கண் பெட்டியில் இருக்கும். மனைவி எது சொன்னாலும் பதில் ‘ம்’. பின்கட்டில் தீப்பிடித்துவிட்டது என்று ஒரு நாள் அவள் சும்மா சொல்லிப் பார்த்தாள். அதற்கும் ‘ம்’ என்றார்.

மர்சலினுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பக்கத்துக் கான்வென்ட் பள்ளியில் இருபத்தொன்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். அவள் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். கெட்டிக்காரி, கோபக்காரி, ஆனால் எந்தப் பதவிக்கும் கை நீட்டாதவள். தலைமையாசிரியை பதவி இரண்டு தடவை காலியானபோதும் விண்ணப்பம்கூடப் போடவில்லை. சிஸ்டர்களே கேட்டுப் பார்த்தார்கள். “எனக்கு அவ்வளவுதான் சிஸ்டர் தகுதி” என்று சிரித்து மழுப்பிவிட்டாள். இன்னும் இரண்டு வருஷத்தில் அவளும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார வேண்டும். சாகிற வரைக்கும் இந்த ‘ம்’மோடுதான் குடித்தனமா என்று அடிக்கடி தன்னையே கேட்டுக்கொண்டாள். மகள் சோஃபியா கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். வீட்டில் வேறு பேச்சுத்துணை கிடையாது.

ஆனாலும் அவள் அவரை ஒரேயடியாகக் கைகழுவிவிடவில்லை. காரணம் ஒன்பது சனிக்கிழமைகள்.

அது 1974-ல். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டுப் பள்ளிகளுக்குக் கணக்கு டீச்சர்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. குடும்பத்தோடு போகலாம், வீடு கொடுப்பார்கள். மர்சலின் விண்ணப்பம் போட்டாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அவளோடு விண்ணப்பம் போட்ட இரண்டு டீச்சர்களுக்கு நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது, அவளுக்கு வரவில்லை. தினமும் தபால்காரரை வாசலில் நிறுத்திக் கேட்டாள். பிறகு நேர்ச்சை வைத்தாள். ஒன்பது சனிக்கிழமை செருப்பில்லாமல் சாந்தோமிலிருந்து அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் வரைக்கும் நடப்பது.

இக்னேஷியஸ் கூடவே நடந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒன்பது சனிக்கிழமையும் அவரும் வெறுங்காலோடு, நாலு வயது சோஃபியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கடிதம் வரவே இல்லை. ஒன்பதாவது சனிக்கிழமை கோயில் வாசலில் அவள் உட்கார்ந்து அழுதபோது, “விடு மர்சி, மாதாவுக்குத் தெரியாததா?” என்று அவள் காலில் ஒட்டியிருந்த மணலைத் தன் துண்டால் தட்டிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவள் இதை யாரிடமும் பெருமையடித்துக்கொண்டதில்லை. ஆனால் அவர் ‘ம்’ கொட்டும்போதெல்லாம், இந்த மனுஷன்தானே எனக்காக நடந்தான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில்தான் அவளுடைய குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் அந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், துணிந்து கேட்டாள்.

“ஏங்க, இந்தத் தபசுக்கு நான் மீனை விடப்போறதில்ல, இனிப்பை விடப்போறதில்ல. நாம ரெண்டு பேரும் டி.வி.யை விடுவோமா? உக்காந்து பேசுவோம். மனசுல இருக்கறது எல்லாத்தையும் பேசுவோம்.”

இக்னேஷியஸ் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். அதுவே அதிசயம்.

“நாளைக்கு வெஸ்ட் இண்டீஸ் மேட்ச் இருக்கு.”

“தெரியும்.”

“அப்போ நீ போனை விடு. பெரம்பூர்ல இருக்கற உங்க அக்காகிட்ட தினம் ஒரு மணி நேரம் பேசறியே, அதை விடு. நான் இதை விடறேன்.”

சரி என்றாள். அக்காவுக்கும் மகளுக்கும் சொல்லிவிட்டு, போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்து வந்து ஒரு மணி நேரம் மாட்டுவாள். ஞாயிறு தபசில் சேராது, நாற்பதை எண்ணும்போது அதை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார்கள். டி.வி.க்கு ஊதாத் துணியில் ஓர் உறை தைத்து மாட்டினாள். பாஸ்கு என்கிற ஈஸ்டர் நெருங்கும்போது கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களை மூடுவார்களே, அதே மாதிரி. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் சீதா அதைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்காமலே நின்றாள்.

“இன்னா டீச்சரம்மா, பொட்டிக்கு முக்காடு போட்டுக்கீது? ஐயா எப்டி உசுரோட கீறாரு?”

“நல்லாத்தான் இருக்கார், நீ வஞ்சிரத்தை எடு” என்றாள் மர்சலின். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் வாரம் கஷ்டம்தான். இக்னேஷியஸ் கூண்டில் அடைத்தவர் போல வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். பேசுவதற்கு உட்கார்ந்தால் இருவருக்கும் வாய் வரவில்லை. மாவு தீர்ந்துவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டாவது வாரம் அவரே பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தார். நறுக்கிக்கொண்டே துறைமுகக் கதை ஒன்று சொன்னார், ரஷ்யக் கப்பலிலிருந்து இறங்கின ஒரு குரங்கு அவருடைய மேலதிகாரியின் கண்ணாடியைப் பிடுங்கின கதை. மர்சலின் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் இதை ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டாள். “நீ கேக்கலையே” என்றார். பிறகு தினமும் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார்கள். அவர் பேசினார், அவள் பேசினாள். பள்ளிக்கூடத்தில் அவள் முகம் தெளிந்திருப்பதைப் பார்த்து மற்ற டீச்சர்கள் கேலி செய்தார்கள்.

பாகிஸ்தானை ஜெயித்த அன்று தெருவே வெடி வைத்துக் கொண்டாடியது. இக்னேஷியஸ் ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அரையிறுதி அன்று பக்கத்து வீட்டு ரகுபதி மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டார், அதற்கும் போகவில்லை. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.

“இன்னைக்குப் பாருங்களேன், ஞாயிறு கணக்குல சேராது” என்று அவளே சொன்னாள்.

“சேராதுதான். ஆனா நீ ஆசைப்பட்டுக் கேட்டே, இருக்கட்டும்” என்றார்.

அந்த நிமிஷம் மர்சலினுக்கு ஐம்பத்தாறு வயது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் வாயைக் கொடுத்தாள். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை, கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது ஜாம்பியாவை இழுத்தாள்.

“அந்த வேலை மட்டும் கிடைச்சிருந்தா நாம இப்போ எங்கயோ இருந்திருப்போம். எனக்குத்தான் தகுதி பத்தல. ஆனா அதுவும் நல்லதுக்குத்தான். நீங்க எங்கூட நடந்த அந்த ஒம்பது சனிக்கிழமை போதும் எனக்கு.”

இக்னேஷியஸ் பாதியிலேயே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருகிறேன் என்று அவர் கோயிலிலேயே தங்கினார். திரும்பி வந்தபோது முகம் அலம்பிவிட்ட மாதிரி இருந்தது. சனிக்கிழமை காலை காபியைக் குடித்து முடித்து, பீன்ஸையும் கத்தியையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

“மர்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஜாம்பியா லெட்டர் வந்துது.”

அவளுக்குப் புரியவில்லை. “எந்த லெட்டர்?”

“உன்னோட இன்டர்வியூ லெட்டர். காலைல வேலைக்குக் கிளம்பறப்போ, பதிலுக்கு வந்த புதுத் தபால்காரர் ஒருத்தர் என் கையில குடுத்தாரு. பிரிச்சுப் பாத்தேன். ஒரு வாரம் பையிலயே வெச்சிருந்தேன். அப்புறம் துறைமுகத்துல தண்ணியில போட்டுட்டேன்.”

மர்சலின் நின்றபடியே இருந்தாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

“எப்போ?”

“நீ நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.”

அவர் பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டிருந்தார். அவர் தொடர்ந்து சொன்னார், கஷ்டப்படாமல் சொன்னார்.

“அங்க வந்து நான் என்ன பண்ணியிருப்பேன், சொல்லு. டீச்சரம்மா புருஷன்னு வீட்டுல உக்காந்திருக்கணும். என்னால முடியாதுன்னு தோணிச்சு. ஆனா நீ செருப்பில்லாம கெளம்பினப்போ மனசு கேக்கல. அதான் கூட வந்தேன்.”

“ஒம்பது வாரமும்?”

“ஒம்பது வாரமும். நேத்து ஃபாதர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மன்னிப்புக் குடுத்துட்டார். பரிகாரமா ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார், அங்கயே முட்டி போட்டுச் சொல்லி முடிச்சிட்டேன். இருபத்திரண்டு வருஷப் பாரம் மர்சி. இப்போதான் மூச்சு வருது. நீதான சொன்னே, மனசுல இருக்கறது எல்லாத்தையும் பேசணும்னு.”

சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். நல்ல பையனாகப் பாடம் ஒப்பித்துவிட்டோம், இனி டீச்சர் பாராட்டுவார் என்கிற முகம். அவள் கடைசி வரைக்கும் மன்னிக்காதது லெட்டரைக் கூட இல்லை, அந்த முகத்தைத்தான். மாதாவுக்குத் தெரியாததா என்று கேட்டாரே, தெரிந்தவர் அவர். காலில் மணலைத் தட்டிவிட்டவர் அவர். தகுதி இல்லை தகுதி இல்லை என்று தன்னையே தான் மட்டம் தட்டிக்கொண்டு ஒரு ஆயுசையே ஓட்டியிருக்கிறாள், அதையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு ‘ம்’ கொட்டியிருக்கிறார். சாமியார் மன்னித்தாராம். லெட்டர் சாமியாருக்கா வந்தது?

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் அவரும் எதிர்பார்த்திருப்பார், கத்தினால் அவருக்கு அதோடு தீர்ந்திருக்கும். நேராகப் போய் டி.வி. மேலிருந்த ஊதாத் துணியை உருவினாள். நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள். பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினாள். ஏதோ சோப்பு விளம்பரம் பெரிய சத்தத்தோடு வந்தது. சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

“மர்சி, இன்னும் ஒரு வாரம் இருக்கே! பாஸ்கு வரலையே!”

“பாருங்க.”

“உனக்காகத்தானே நான்…”

“உக்காந்து பாருங்க” என்றாள், வகுப்பில் சொல்லும் குரலில். அவர் பீன்ஸைக் கீழே வைத்துவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாஸ்கு ஞாயிறு அன்று பூசை முடிந்து வந்து போன் வயரை மாட்டினாள். மாட்டின கையோடு மணி அடித்தது. சோஃபியாதான்.

“ஹாப்பி ஈஸ்டர்ம்மா! நாப்பது நாள் முடிஞ்சுதா? அப்பா உங்கூட பேசினாரா? என்னம்மா, டி.வி. சத்தம் அங்க இப்டி கேக்குது!”

மர்சலின் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து அவர் தயங்கித் தயங்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் இரண்டு அழுத்து கூட்டினாள்.

“பேசினார்டி. எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டோம்” என்றாள்.