ஜன்னலுக்குக் கீழே படுத்திருந்தவர்

படப்பிடிப்பு முடிந்த மறுநாள் காலை ரயிலில் ஏறி உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது. மணவூரில் பக்கத்து இருக்கை அம்மாள் தோளைத் தொட்டு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டபோது, ஊரின் பெயர் எனக்கு உடனே வாயில் வரவில்லை. அரக்கோணத்தில் மறுபடி விழித்து, இதுதான் நம் ஊரோ என்று பையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினேன். அந்த வண்டி எங்கள் ஊரான திருத்தணியோடு நின்றுவிடும், தூங்கிப்போனாலும் பயமில்லை என்பது காலேஜுக்குப் போன காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அன்று அது மறந்துவிட்டது.

நான் சினிமாவில் ஆர்ட் டைரக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். செட்டில் சாமான்களை அடுக்குவதும், ஒவ்வொரு டேக் முடிந்ததும் அவற்றைப் பழைய இடத்திலேயே திருப்பி வைப்பதும் என் வேலை. நாற்காலிக் காலுக்கு ஒரு சாண் தள்ளி டம்ளர் இருந்தால் அடுத்த டேக்கிலும் அதே ஒரு சாண் இருக்க வேண்டும். இந்தப் படத்துக்குச் சென்னைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்குள் வீடு போட்டிருந்தோம். பகலில் ரோட்டில் போகும் லாரிச் சத்தம் வசனத்தில் விழும் என்பதால் பெரும்பாலும் இரவு வேலை. விடிந்ததும் அறைக்குப் போய்ப் படுப்போம், இருட்டும்போது எழுந்து வருவோம். வாரக்கணக்கில் அப்படியே போனது.

கொட்டகைக்குள் போட்டிருந்த அந்த வீடு எங்கள் வீடுதான். கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு சிறு டவுனில் குடியிருக்கும் குடும்பத்தின் வீடு வேண்டும் என்று டைரக்டர் கேட்டிருந்தார். உதவியாளர்கள் ஆளுக்கு ஒரு வீட்டின் போட்டோவைக் காட்டினோம். என்னுடையது அவருக்குப் பிடித்துப்போனது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் போன் செய்து, வீட்டை மூலைக்கு மூலை படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பினார். பாதிப் படங்களில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. அந்தப் படங்களை வைத்தே செட்டில் எல்லாம் வந்துவிட்டது. இடுப்புவரை பச்சையும் அதற்கு மேல் மஞ்சளும் பூசிய சுவர், தாமரைப் பூ போட்ட ஜன்னல் கம்பி, டேப் சுற்றிய சுவிட்ச் பெட்டி, சாமி அலமாரி. சமையலறைக் கதவை மட்டும் கேமராவுக்காக இடப்பக்கம் தள்ளிவிட்டார்கள். கூரை கிடையாது. அண்ணாந்து பார்த்தால் விளக்குகள் தொங்கும்.

கதைப்படி அந்த வீட்டின் தகப்பனார் செத்துப்போகிறார். ஜன்னலுக்குக் கீழே அவரைக் கிடத்தியிருப்பார்கள். கடைசி நாட்களில் எடுத்தது அந்தக் காட்சிதான். அவராக நடித்தவர் வயதான நாடக நடிகர். அவருக்குக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியதும், தாடையைச் சுற்றித் துணி கட்டியதும், நெற்றியில் காசை ஒட்டவைத்ததும் நான்தான். இடைவேளையில் அவர் எழுந்து உட்கார்ந்து மூக்கில் பஞ்சோடு டீ குடிப்பார். சர்க்கரை போதவில்லை என்பார். எல்லோரும் சிரிப்போம். பிறகு அவர் படுத்துக்கொள்வார், நான் மறுபடி துணியைக் கட்டுவேன், கட்டும்போது என் கண் கலங்கிவிடும். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கமில்லாமல் இருப்பதால் அப்படி ஆகும் என்று காஸ்ட்யூம் அக்கா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

நான் ஊருக்கு வந்தது ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த வாரம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வாசற்கதவு திறந்தே இருந்தது. அம்மா, நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கும் ஆட்களைப் பார்க்கப் போயிருந்தாள். உள்ளே காலை வைத்தேன். ஜன்னலுக்குக் கீழே, பாய்மேல், கைகளை மார்பின்மேல் கோத்துக்கொண்டு நைனா படுத்திருந்தார்.

பை என் தோளிலிருந்து இறங்கவில்லை. கண் முதலில் போனது அவருடைய நெற்றிக்கு. காசு இல்லை. யார் எடுத்தது என்று நினைத்தேன். இதை எழுதுவதற்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் இது வீடு, அது செட் என்று மனதில் பிரிந்தது. பிரிந்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. மின்விசிறிக் காற்றில் அவர் மார்பின் மேலிருந்த துண்டு அசைந்துகொண்டிருந்தது. மூச்சினால் அசைகிறதா, காற்றினாலா என்று சொல்ல முடியவில்லை. குனிந்து அவர் மூக்குக்குக் கீழே விரலை நீட்டினேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"இன்னாம்மா, எப்ப வந்த?"

"இப்பதான் நைனா."

"அதுக்கு மூக்குல எதுக்குக் கை வெக்கிற?"

ஈ உட்கார்ந்திருந்தது என்று சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நான் தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குத் திரும்பினேன். செட்டில் கதவு இருந்த இடத்தில் இங்கே பீரோ நின்றது. நெற்றியில் நன்றாகவே இடித்துக்கொண்டேன். நைனா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உள்ளறையில் படுக்கவைத்தார்.

கண் விழித்தபோது ஜன்னலில் மங்கலான வெளிச்சம். மலைக் கோயிலிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. விடிந்துவிட்டது, நன்றாகத் தூங்கியிருக்கிறேன் என்று சந்தோஷமாக எழுந்து, பல் துலக்கி, தலைக்குக் குளித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் காபி கேட்டேன். அம்மா குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னாடி தலைக்கு ஊத்திகினு வந்து நிக்கிற?"

காலையில் குளிக்காமல் எப்போது குளிப்பது என்றேன். காலையில்தானே ரயிலில் வந்தாய் என்றாள் அம்மா. அது நேற்று என்றேன். இல்லை, இன்று என்றாள். நான் விடவில்லை. அம்மாவுக்குத்தான் ஏதோ குழப்பம் என்று நினைத்து, பொறுமையாக அவளுக்கு விளக்கினேன். அவள் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். எதிர் வீட்டுப் பிள்ளைகள் டியூஷன் முடிந்து பையோடு வந்துகொண்டிருந்தார்கள். திருப்பதி பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் திரும்பியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே போனது.

அடுத்து வந்த நாட்களும் தெளிவாக இல்லை. சுவிட்ச் இல்லாத சுவரில் கை தடவும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணாந்து பார்த்து, கூரை இருப்பதைக் கண்டு ஒரு கணம் திகைப்பேன். நைனா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டுப் பேப்பர் படிப்பார். அவர் எழுந்து போனதும் நான் அதைச் சுவரோரம் தள்ளிவிடுவேன். செட்டில் அதன் இடம் அதுதான். ஆனால் வீட்டில் அந்த நாற்காலி எப்போதும் எங்கே இருந்தது என்று யோசித்தால் பிடிபடவில்லை. நைனா அனுப்பிய போட்டோவில் சுவரோரம் இருந்தது. ஒருவேளை போட்டோ எடுப்பதற்காக அவர் அங்கே தள்ளிவைத்திருக்கலாம். பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு நாற்காலியின் இடம் எனக்குத் தெரியவில்லை.

அம்மா இதையெல்லாம் வேறு மாதிரி புரிந்துகொண்டாள். வேர்க்கடலை உரித்துக்கொண்டே, அங்கே யாராவது பையன் இருக்கிறானா என்று மெல்லக் கேட்டாள். இல்லை என்றேன். இருந்து, இப்போது இல்லாமல் போய்விட்டானா என்றாள். அதற்கும் இல்லை என்றேன். அப்படியென்றால் நைனா தூங்கும்போதெல்லாம் எதற்கு அவர் பக்கத்தில் போய் நிற்கிறாய் என்று கேட்டாள். அவள் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. கடலைத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கடைசியில் நைனாவே கேட்டுவிட்டார். அன்று நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"நான் வெக்கிற சாமான நீ எதுக்கு எடுத்து எடுத்து மாத்தினு கீற? உண்மையச் சொல்லு."

சொன்னேன். அவர் அனுப்பிய போட்டோக்களை வைத்து இந்த வீட்டையே செட் போட்டதையும், அதில் சாவு வீட்டுக் காட்சி எடுத்ததையும் சொன்னேன். செத்தது யார் என்று கேட்டார். வீட்டுக்காரர், கதாநாயகியுடைய அப்பா என்றேன். நைனா கொஞ்சநேரம் பாயைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எதனால செத்தான்?"

"கதையில சொல்லல நைனா. ஒருநாள் காலையில பார்த்தா செத்துக் கெடப்பாரு."

"அதெப்படிம்மா, ஒண்ணுமே இல்லாம? சக்கர வியாதி, நெஞ்சுவலி எதுனா இருந்திருக்கும். நீ கேக்கலயா?"

நான் கேட்கவில்லை. அத்தனை வாரத்தில் யாரும் கேட்டதாக நினைவில்லை. நைனா விடவில்லை. தலைமாட்டில் விளக்கு வைத்தீர்களா, யார் முதலில் அழுதது, பெண்சாதியாக நடித்த அம்மாள் நன்றாக அழுதாரா, கொள்ளி வைத்தது யார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பக்கத்து ஊரில் நடந்த சாவுக்குப் போய்வந்தவர் போல நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு போனில் எடுத்து வைத்திருந்த ஒரு வீடியோவைக் காட்டினேன். பிணம் எழுந்து உட்கார்ந்து, மூக்குப் பஞ்சோடு டீயை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்து நைனா இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கே அழுதது எதற்காக, இங்கே சிரிப்பது எப்படி என்று சிரித்துக்கொண்டே யோசித்தேன்.

சத்தம் கேட்டு வந்த அம்மா வீடியோவைப் பார்த்தாள். பின்னால் தெரிந்த சுவரையும் ஜன்னலையும் பார்த்தாள். பாயைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் செருகினாள். சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து நைனாவை உட்காரவைத்துச் சுற்றிப் போட்டாள். இனிமேல் உள்ளறைக் கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அங்கே காற்றே வராது என்று நைனா முனகியது எடுபடவில்லை.

இரண்டொரு நாள் கழித்து ஆர்ட் டைரக்டர் போன் செய்தார். எடிட்டிங்கில் பார்த்தபோது ஒரு குளோசப்பில் பிணத்தின் இமை அசைந்திருக்கிறதாம். அந்த ஒரு ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். கொட்டகையை வேறு படத்துக்குக் கொடுத்துவிட்டதால் செட்டைப் பிரித்தாகிவிட்டது. "உங்க வீடு அப்படியேதானே இருக்கு? அரை நாள் வந்து எடுத்துட்டுப் போயிடுறோம்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். நைனாவுக்கு உடனே முகம் மலர்ந்தது. சுவருக்கு ஒரு கை பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டார். அடித்தால் முன்பு எடுத்த ஷாட்களோடு மேட்ச் ஆகாது என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த வூட்ல பொணமா ஒருத்தரும் படுக்கக் கூடாது. சொல்லிடு."

"அந்தாளு உசுரோட வந்து உசுரோடத்தான போவப்போறாரு" என்றார் நைனா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முடியாது என்றால் வேறு எங்கோ எடுப்பார்கள், நான் அத்தனை கவனமாகச் சேர்த்துவைத்த காட்சி கெட்டுப்போகும். சரி என்றால் இதே ஜன்னலுக்குக் கீழே நானே உட்கார்ந்து அந்தத் தாடைத்துணியைக் கட்ட வேண்டும். வரச்சொல்லலாம் என்று மெசேஜ் அடித்து அழித்தேன். வேண்டாம் என்று அடித்து அதையும் அழித்தேன். இதற்குள் நைனா ஜன்னல் கம்பியைத் துணியால் துடைக்க ஆரம்பித்திருந்தார். அம்மா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நடுவில் நான், குழம்பு வேண்டுமாம், தண்ணீர் வேண்டுமாம் என்று இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஆர்ட் டைரக்டரே மறுபடி கூப்பிட்டார். படம் நீளமாகிவிட்டதாம். அந்தச் சாவுக் காட்சியையே டைரக்டர் முழுதாக வெட்டிவிட்டாராம். அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்களாம். உங்கள் வீட்டில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம், நன்றாக ரெஸ்ட் எடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். நான் கட்டிய துணி, ஒட்டிய காசு, அழுத அழுகை எதுவும் படத்தில் இல்லை. கோபத்தின் அடியிலேயே ஒரு நிம்மதியும் இருந்தது. நிம்மதியாக இருந்தால் கோபம் எதற்கு, கோபமாக இருந்தால் இந்த நிம்மதி எதற்கு என்று தெரியாமல் சமையலறைக்குப் போனேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா உடனே ரசத்தை எடுத்து நைனாவின் தட்டில் தானாகவே ஊற்றினாள். நைனா சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அப்ப பொழைச்சிக்கினான்னு சொல்லு."

"ஆங். வெளியூர் போயிருக்கிறதா வருது."

"எந்த ஊராம்?"

சொல்லவில்லை என்றேன். ஊர் பேரைக்கூடவா சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தாங்கவில்லை. பெரிய பெண் வீட்டுக்குப் போயிருப்பான் என்றார். அந்தாளுக்கு ஒரே பெண்தான் என்றேன். அப்படியென்றால் எங்கேயாவது மாடு பார்க்கப் போயிருப்பான், வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் சரி என்றேன். அம்மா எனக்கும் ஒரு தட்டை வைத்தாள்.