தாளுக்குள் போன தோடு

செங்கம் ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் அப்பாசாமிக்கு வேலை தெரியாது என்று எவனும் நாக்கில் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. எரிந்துபோன மோட்டாரைக் கையில் எடுத்தால் அது ஓடித்தான் தீரும். எடுப்பதற்குத்தான் நாள் ஆகும். அது அவன் வம்சத்திலேயே உள்ளது. அவன் பெரியப்பா ராஜமாணிக்கம், தன் கல்யாணத்துக்குக் குறித்த முதல் முகூர்த்தத்தைத் தவறவிட்டு, இரண்டாவதில் தாலி கட்டியவர்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி சரோஜா பாக்கி வேலைகளைச் சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதி வைப்பாள். 'ஆசாரி வீட்டு மிக்ஸி', 'கொல்லைக் கொடிக்கம்பி', 'ஒழுகுற ஓடு'. சோறு தின்ன உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே அதுதான். ரசத்துக்குப் போவதற்குள் அப்பாசாமி எழுந்து கை கழுவிவிடுவான்.

எண்பத்து நாலாம் வருஷம் மளிகைக்கடையில் ஒரு தினசரி காலண்டர் கொடுத்தார்கள். அதை ஆணியில் மாட்டும்போதே அவனுக்கு யோசனை பிறந்துவிட்டது. பதினைந்து நாள் தள்ளி ஒரு தாளைத் தூக்கி அதில் பென்சிலால் வேலையை எழுதினான். கதவில் இருந்ததை ஈரத்துணியால் துடைத்தான். கதவும் சுத்தம், மனசும் சுத்தம்.

"இன்னாங்க, வேலையெல்லாம் முடிச்சிட்டீங்களா?" என்று சரோஜா கேட்டாள்.

"அதது அதும்பாட்டுக்குத் தாளுல கீது. நாள் வந்தா தானா வந்து நிக்கும். அதுவரைக்கும் அது மூஞ்சில நாம எதுக்கு முழிக்கணும்?"

நாள் வந்து நின்றது. ஆனால் அந்தத் தாளிலேயே அஷ்டமி என்றோ கரிநாள் என்றோ அச்சடித்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் ராகு காலம் இருக்கவே இருக்கிறது. வேலை இன்னொரு தாளுக்குக் குடிபோகும். நகை ஆசாரி சகாதேவன் வீட்டு மிக்ஸி மாசியிலிருந்து பங்குனிக்கும், அங்கிருந்து சித்திரைக்கும் போய், கடைசியில் தீபாவளிக்கு மறுநாள் தாளில் படுத்துக்கொண்டது. அப்பாசாமி அந்த வருஷம் ஒரு சுற்றுப் பெருத்தான்.

இப்படி இருக்கையில், அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட அக்கா ராஜம்மாள் சொல்லி அனுப்பினாள். ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை மகள் ஆதிலட்சுமிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் அவன் போடுவதாகத்தான் இருக்க வேண்டும். ராஜம்மாளுக்குக் கூடப் பிறந்தவன் இவன் ஒருத்தன்தான்.

"ஆசாரிகிட்டக் குடுத்து அழிச்சிப் பண்ணச் சொல்லுங்க" என்று சரோஜா தன் உடைந்த கம்மலை எடுத்துக் கொடுத்தாள். அப்பாசாமி கம்மலை டிரங்குப் பெட்டியில் போட்டான். ஆவணி பத்தாம் தேதித் தாளில் 'தோடு' என்று எழுதினான். அதற்குப் பிறகு நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருப்பதற்குத்தானே எழுதுவது!

ஆவணி ஏழில் சரோஜா தங்கையின் பிரசவத்துக்குக் கீழ்பெண்ணாத்தூர் போனாள். தாள் கிழிப்பது அவள் வழக்கம். கிழித்தால் வேலை வந்து நிற்கும் என்று அவன் கிழிக்கவில்லை. அந்த வீட்டில் எட்டு நாளும் ஆவணி ஏழுதான். திரும்பி வந்தவள் மொத்தத்தையும் ஒரே இழுப்பில் கிழித்து, விபூதி மடிக்க ஆகும் என்று மாடத்தில் சொருகினாள். பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனபோது, வழியில் இருக்கும் நாத்தனாருக்கென்று அதில் ஒரு தாளில் விபூதி மடித்து எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ராஜம்மாள் கடைக்கே வந்துவிட்டாள். விபூதி ஒட்டிய தாளை ஸ்பேனர்களுக்கு மேலே விரித்தாள்.

"இது யாரு எழுத்துடா?"

ஆவணி பத்து, ஞாயிற்றுக்கிழமை. கீழே பென்சிலில் 'தோடு'.

"என்னுதுதான்க்கா."

"தோடு எங்க?"

"அது... தாளுல..."

"தாளையாடா எம் பொண்ணு காதுல மாட்றது? கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமை தோடு வரலன்னா, நம்ம சின்னம்மா மகன் தருமன் மடியில வெச்சிக் குத்திடுவேன். நீ பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சிட்டுப் போ."

ஒருமுறை போன மடி போனதுதான். நாளைக்கு அந்தப் பெண் கல்யாணத்தில் மாமன் மாலையும் தருமன் கையால்தான் விழும். அப்பாசாமி டிரங்குப் பெட்டியைக் குடைந்து கம்மலை எடுத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்கு ஓடினான்.

சகாதேவன் கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பேஷா பண்ணிடலாம் அண்ணே" என்று எழுந்து போய், சுவரில் இருந்த காலண்டரைத் தூக்கினான். அதே மளிகைக்கடைக் காலண்டர். "தீபாவளிக்கு மறுநாள் எழுதிக்கிறேன்."

"ஐயோ, வர்ற வெள்ளிக்கிழமை காதுகுத்துப்பா!"

"எங்க மிக்ஸி அந்தத் தாளுலதான் கீதாமே, அண்ணி சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணா வரட்டும். ஆறு மாசமா எங்க வீட்ல அம்மியில அரைக்கிறாங்க. அரைக்கிறது மொளகாயா, என்னையான்னே தெரியல."

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு, நட்டநடு ராகு காலத்தில், அப்பாசாமி அந்த மிக்ஸிக்குக் காயில் கட்டினான். சாயங்காலம் ஆசாரி வீட்டில் அது உறுமியது. வியாழக்கிழமை பொழுது சாயும்போது தோடு கைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலைக் கோயிலில் ஆதிலட்சுமி மாமன் மடியில் உட்கார்ந்தாள். தருமன் சும்மா ஓரமாக நின்றான். சகாதேவன் ஊசியை எடுத்ததும் குழந்தை அப்பாசாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது.

"இன்னிக்கு வேணாம் மாமா! நாளைக்குக் குத்திக்கலாம் மாமா!"

"அப்படியே மாமன் ரத்தம்!" என்றாள் ராஜம்மாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாசாமி குழந்தையின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்து, ஆசாரிக்குக் கண்ணைக் காட்டினான்.

"நாளைக்குக் கரிநாள்டி கண்ணு. இன்னிக்கே முடிச்சிடலாம்."

காலண்டரில் மறுநாள் நல்ல நாள் என்றுதான் போட்டிருந்தது.