முதல் டோக்கன்

தங்கமாரி பேனாவை வாங்கவில்லை.

“ராஜினாமாவுல கையெழுத்து போட்டுட்டுக் கெளம்பும்மா, பஸ் போய்டும்,” என்றான் லைன் சூப்பர்வைசர் லோகேஷ். “ஒரே வாரத்துல நாப்பத்தஞ்சு போர்டு ரிஜெக்ட். எல்லாம் உன் டோக்கன் நம்பர்ல. மத்தவங்க பத்தொம்போது பேர், ஒருத்தர் மேலயும் ஒண்ணுகூட இல்ல. இன்னா சொல்ற?”

“பத்தொம்பது பேருல ஒருத்தருகூடவா சார் தப்பு பண்ணல?”

“அத கம்ப்யூட்டராண்ட கேளு.”

அறிக்கையை அச்செடுத்து வந்த தளவாய் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் அவனிடம் திரும்பினாள். “அண்ணே, நீங்க எழுதுன புரோகிராம்தான? ஒருக்கா பாருங்க.”

“பாக்கேன். இங்கனயே இரி.”

தளவாய் சாத்தான்குளத்துக்காரன். பாலிடெக்னிக் முடித்து, செல்போன் போர்டு செய்யும் இந்தக் கம்பெனிக்கு வந்து நாலு வருடம். படப்பையில் மூன்று பேரோடு ஓர் அறை. பழுதான போர்டு யார் கையில் வந்தது என்று பதிவு செய்யும் புரோகிராம் அவன் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதியது. முன்பு சர்வர் ஒவ்வொரு பதிவுக்கும் அதைப் புதிதாகத் தொடங்கும், முடிந்ததும் மறந்துவிடும். மெதுவாக இருந்தது. ஜனவரியில், அது நினைவிலேயே தங்கும்படி மாற்றினான். வேகம் கூடியது. மேனேஜர் நடேசன் கைகொடுத்து, நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

தன் மேசைக் கம்ப்யூட்டரில் புரோகிராமைப் புதிதாகத் தொடங்கி, இரண்டு டோக்கன் எண்களில் பழுதை மாற்றி மாற்றி அடித்தான். இரண்டு பழுதும் முதல் எண்ணில் விழுந்தன. மூன்றாவது எண்ணை அடித்தான். அதுவும் முதல் எண்ணில்.

மாற்றியபோது அவன் எழுதியது முழுவதையும் சர்வர் ஒரு பெரிய சப்ரொட்டீன் என்ற துணைநிரலுக்குள் போட்டிருந்தது. பதிவு செய்யும் சின்ன சப்ரொட்டீன் அதற்குள் மாட்டிக்கொண்டது. வெளியே டோக்கன் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பது முதலில் பார்த்த டோக்கனையே வைத்துக்கொண்டிருக்கும், அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு சர்வரை நிறுத்தித் தொடங்கும்வரை. உள்ளேயும் வெளியேயும் டோக்கன் ஒன்றாக இருக்காது என்று முதல் நாளே சர்வரின் பதிவேடான லாகில் எச்சரிக்கை வந்தது. வரிவரியாக வந்து லாகை நிரப்பியதால் எச்சரிக்கையையே அணைத்துவிட்டிருந்தான்.

தங்கமாரி பென்னலூர் ஹாஸ்டலிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். அதில்தான் உட்கார இடம் கிடைக்கும். லைனில் முதலில் டோக்கன் அடிப்பவள் அவள். அவளுக்கு முன்னால் முதல் பஸ்ஸில் வந்தவள் அன்னக்கிளி. பிப்ரவரியில் அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த அறிக்கையையும் தளவாய்தான் அச்செடுத்தான்.

தளவாய் போய்ச் சொன்னதை நடேசன் முழுவதும் கேட்டார்.

“சரி பண்ண எவ்ளோ நேரம்?”

“பத்து நிமிஷம் சார். டோக்கனை உள்ள இருக்கறதுக்கு நேரா கையில குடுத்துட்டா போதும்.”

“பண்ணிடு.”

“அந்தப் பொண்ணு வெளிய உக்காந்திருக்கு சார்.”

“நாளைக்கு கஸ்டமர் ஆடிட். மூணு மாச ரிப்போர்ட்டும் தப்புன்னு நீ எழுதிக் குடுக்கறியா? உன் பேர்லதான் போகும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்னக்கிளிய எங்க போய் தேடுவ?”

தளவாய் வெளியே வந்தான். அவள் எழுந்தாள்.

“என்னண்ணே?”

“கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்கு.”

அவள் லோகேஷிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றியபோது கயிறு கொண்டையில் மாட்டியது. யாரும் உதவவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆடிட்டுக்கு இரண்டு பேர் வந்து, பதினொரு மணிக்குப் போனார்கள். லைனில் ஒன்பது போர்டு பழுது. முந்தின நாளும் ஒன்பதுதான். தளவாய் திருத்திய புரோகிராமில் அவை ஏழு பேர் டோக்கனில் ஒன்றிரண்டாகப் பிரிந்து பதிவாயின. லோகேஷ் அறிக்கையைப் பார்த்து, “பாத்தியா, அந்தப் பொண்ணு போனதும் லைன் சரியாய்ட்ச்சு,” என்றான். தளவாய் தாளை அடுக்கிக் கொடுத்தான். கேன்டீனில் அன்றைக்கு எலுமிச்சை சாதம்.