புதுக் கம்பியும் நல்லெண்ணெயும்

மலேசியாவில், காப்பார் ஊரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் சிந்தியவன்தான் துடைக்க வேண்டும், துடைத்த பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஆட்களை நிற்கவைத்துச் சொல்வேன். மலாயில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. தலையை ஆட்டுவார்கள்.

கிள்ளான் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மினரல் வாட்டர் போத்தலில் அவள் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயை வேறு டின்னுக்கு மாற்றினேன். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி செய்தேன். சுவரைத் துளைத்துப் பளபளவென்று ஒரு பிடிகம்பி போட்டேன், தரையில் ரப்பர் பாய் விரித்தேன்.

"இது வீடாடா, பெக்டரியா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருஷம் தீபாவளிக் காலை. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை அம்மா முதலில் எனக்குத்தான் வைப்பாள். சாஸ்திரத்துக்கு மூன்று சொட்டு என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. காதுமடல், கழுத்து, முதுகு என்று வழிய வேண்டும். ரப்பர் பாயில் எண்ணெய் ஏறினால் போகாது என்று முந்தின நாளே அதைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டாள். பார்த்தேன். நல்ல நாளில் எதற்கு வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன்.

குளித்து முடித்ததும் தரையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினேன். வெறும் தண்ணீருக்கு எண்ணெய் போகாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முறுக்கைக் கடித்தேன். அம்மா தன் தலைக்கும் எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். வாளி உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது.

தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறந்தது. நான் செய்த ஏற்பாடுகளில் அன்று உதவியது அது ஒன்றுதான்.

தூக்கக் கூடாது, அசைக்கக் கூடாது, போர்த்திவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். எல்லாம் செய்தேன். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை. புதுச் சட்டையோடு ஈரத்தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் முனகுவதைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கம்பி பக்கத்துலதானேம்மா இருக்கு. பிடிச்சிருக்கலாம்ல?"

கேட்டிருக்கக் கூடாது.

"கையெல்லாம் எண்ணெய்டா. புதுக் கம்பி, பிசுபிசுன்னு ஆயிடும்னு பார்த்தேன்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அத்தை, "யானைக்கும் அடி சறுக்கும்" என்று என்னைத் தேற்றினார். அது என் முதுகிலிருந்து வழிந்த எண்ணெய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. "நான்தான் பார்க்காம கால வச்சிட்டேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

தனியாகக் கோயிலுக்கும், காய்கறி வாங்கப் பாசாருக்கும் நடந்து போய் வந்தவள், இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரைக்கும் வருகிறாள்.

இந்த வருஷத் தீபாவளிக்கும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு கை வாக்கரில், ஒரு கை என் தலையில்.

"மூணு சொட்டு போதும்மா."

"சும்மா இருலா" என்று வழிய வழிய வைத்தாள்.

குளித்துவிட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு மூன்று தடவை தரையைத் தேய்த்தேன். பழைய துணியால் துடைத்தேன். மண்டி போட்டு மூலை மூலையாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"உட்காரும்மா, நான் வச்சு விடுறேன். நானே பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு வேணாம்டா. துண்ட நனைச்சுக் குடு, துடைச்சிக்கிறேன்."

எனக்குத் தெரிந்து ஒரு தீபாவளிக்கும் அவள் எண்ணெய் வைக்காமல் இருந்ததில்லை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, நீயே வந்து பார் என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டினாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தேன்.