எடுத்துவிடலாம் என்றார்கள்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் ரவிக்கைத்துணிப் பிரிவில் பன்னிரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். காலை பத்திலிருந்து நின்றபடியே வேலை. ஆடித் தள்ளுபடியின்போது, ஒரு அம்மாவின் சேலைக்குப் பொருத்தமான அரக்கு நிறத் துணியை எடுக்க ஏணியில் ஏறினேன். தொடை வழியாகச் சூடாக இறங்கியது. இரண்டு நாப்கின் வைத்திருந்தும் புடவை நனைந்துவிட்டது. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டேன். "இப்பத்தானே போயிட்டு வந்தீங்க?" என்றார்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. எட்டு மாதங்களாகவே மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டுகொண்டிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. எல்லாம் வயசுக் கோளாறு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். இதைப் படிக்கும் நீங்கள் அப்படி எட்டு மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேனில் ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைச் சுவரில் வளரும் நார்க்கட்டி; பெரும்பாலும் புற்றுநோய் அல்ல) இருப்பது தெரிந்தது. ஹீமோகுளோபின் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருள்) ஏழுதான் இருந்தது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். மருத்துவர் ஸ்கேன் படத்தை என் கணவர் சேகரிடம் நீட்டினார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை பசங்க?" என்று அவரைக் கேட்டார்.

"ஒரு பொண்ணு சார். பிளஸ் ஒன் படிக்குது."

"அப்ப கவலை இல்ல. யூட்ரஸ், ஓவரி ரெண்டையும் எடுத்துரலாம். விட்டா கேன்சராக்கூட மாறலாம். வியாழக்கிழமை பெட் இருக்கு."

யூட்ரஸ் என்றால் கர்ப்பப்பை, ஓவரி என்றால் சினைப்பை. முட்டையையும் பெண் உடலுக்கு வேண்டிய ஹார்மோன்களையும் உண்டாக்குவது அது. என் சினைப்பைகள் நன்றாக இருப்பதாக அதே ஸ்கேன் அறிக்கையில் அச்சடித்திருந்தது. அந்த வரியைக் காட்டி, பிறகு ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். வைத்திருந்தால் பின்னால் தொந்தரவு, ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று அவர் சேகரைப் பார்த்தே பதில் சொன்னார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். நான் விற்கும் ஒரு மீட்டர் துணிக்கு இதைவிட அதிக நேரம் பேசுகிறார்கள்.

செய்தி தெரிந்து சேகரின் அக்கா வசந்தா வேளச்சேரியிலிருந்து வந்தார். பதினான்கு வருடங்களுக்கு முன், முப்பத்தாறு வயதில், அவருக்கும் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள்.

"இனிமே அத்த வச்சுகினு இன்னா பண்ணப் போற? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு," என்றார்.

"உங்களுக்கு ஓவரியையும் எடுத்தாங்களா அண்ணி?"

அவர் யோசித்தார். "தெரியலியே. அவருதான் கையெழுத்து போட்டாரு."

எனக்கு அந்த ஒரு பதில் போதும். தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாமலே ஒரு பெண் பதினான்கு வருடம் வாழ்ந்திருக்கிறாள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அவருக்கே படவில்லை. வியாழக்கிழமை போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

சேகருக்குக் கோபம். உண்மையில் அது பயம். "கேன்சருன்னு சொல்றாரு. உனக்கு எதுனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். எனக்கும் பயம்தான். பயம் அடங்காமல் முடிவெடுக்க மாட்டேன், பதினைந்து நாள் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். அந்தப் பதினைந்து நாளில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை, சேலை மடிப்புக்குள் வைத்து வரும் அட்டைகளில் எழுதிவைத்தேன். பதினொரு கேள்விகள் சேர்ந்தன.

அரசு மகளிர் மருத்துவமனையில் பாதி நாள் வரிசையில் நின்றேன். உள்ளே இருந்த பெண் மருத்துவர் களைத்துப்போயிருந்தார். ஆனாலும் அட்டைகளை வாங்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதுல உங்களுக்கு எதும்மா ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கடையில் புடவை நனைவதுதான் என்றேன்.

அவசரம் கர்ப்பப்பையில் இல்லை, இரத்தத்தில்தான் என்று அவர் விளக்கினார். முதலில் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். பயாப்ஸி (திசுவில் சிறு துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்தார்கள். புற்றுநோய் இல்லை. ஃபைப்ராய்டு புற்றுநோயாவது மிக மிக அபூர்வம் என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தானே எங்களை வியாழக்கிழமைக்குத் துரத்தினார்கள் என்று நினைக்கையில் இன்றும் உடம்பு கொதிக்கிறது.

மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், சினைப்பைகளை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது என்று மூன்று வழிகளைச் சொன்னார். நான் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தேன். ஆறாவது மாதம், உதிரப்போக்கோடு அது வெளியே வந்துவிட்டது. கட்டிகள் இருந்தால் சிலருக்கு அப்படி ஆகலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.

பிறகு கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்டேன். சம்மதப் படிவத்தை வரிவரியாகப் படித்து நானே கையெழுத்துப் போட்டேன்.

உறவினர்கள் பார்க்க வந்தார்கள். அன்றைக்கே செய்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காதே என்றார்கள். சேகரும், "கடைசில அதே ஆபரேசன்தானே," என்றார். தையல் வலித்தது. இருந்தும் எழுந்து உட்கார்ந்து சொன்னேன்: "அதே ஆபரேசன் இல்ல. அன்னிக்கு ரத்தமே இல்லாத உடம்பு. நல்லா இருந்த ஓவரியையும் எடுத்திருப்பாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க." அதன் பிறகு ஆறு வாரமும் சேகர் ஒரு குடம் தண்ணீர்கூட என்னைத் தூக்கவிடவில்லை.

அதே வருடம் வசந்தா அண்ணி குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு வலுவிழந்திருக்கிறது என்றார்கள். அவரை அதே பெண் மருத்துவரிடம் அழைத்துப் போய் ஸ்கேன் எடுக்கச் செய்தேன். சினைப்பைகள் இரண்டும் இல்லை. இளம் வயதிலேயே அவை போய்விட்டால் எலும்பு சீக்கிரம் தேயும் என்றார் மருத்துவர்.

"அப்போ அந்த வயசுல உடம்பெல்லாம் நெருப்பா எரிஞ்சுது, தூக்கமே இல்ல, எல்லாம் இதனாலதானா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டார். "நான் பைத்தியம் புடிச்சுதுன்னு நெனச்சுகினு இருந்தேன்."

பழைய ஆவணங்களைக் கேட்டு, அண்ணிக்கு அன்று ஆபரேசன் செய்த மருத்துவமனைக்குப் போனோம். அவ்வளவு நாள் வைத்திருப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணி யாரிடம் போய்க் கேட்பார்?

எந்தச் சிகிச்சை சரி என்று உங்களுக்கு நான் சொல்ல முடியாது. உயிர் போகும் அவசரமா என்று கேளுங்கள். இல்லை என்றால் நாள் கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒருவரைத் தேடுங்கள்.

என் வயிற்றில் இப்போது ஒரு தழும்பு இருக்கிறது. மழை நாளில் அது இழுக்கும். முன்பெல்லாம் மாதத்தை இரத்தம் போகும் நாட்கள், அதற்குப் பயந்து காத்திருக்கும் நாட்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். இப்போது தேதிகளை எண்ணுவதில்லை. ஆனாலும் மாதத்தில் ஓரிரு நாள் மார்பு கனக்கிறது, ஒன்றுமில்லாததற்கு அழுகை வருகிறது. உள்ளே சினைப்பைகள் இரண்டும் தம் கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அந்த நாளில் கைக்குட்டை ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.