மரத்தூளில் உலர்த்திய வெள்ளி ரூபாய்

நண்பர் இறந்து மூன்றாவது மாதம், அவருடைய மனைவி ஒரு வெள்ளி ரூபாயோடு என் வீட்டுக்கு வந்தார். நண்பருக்குக் கணபதி ஏரியாவில் முலாம் பூசும் பட்டறை. வாரம் முழுக்க பம்ப் உதிரிபாகங்களைப் பளபளக்க வைத்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து, கருத்துப்போன பழைய காசுகளை லென்ஸில் பார்ப்பார்.

ராணியின் தலை பொறித்த அந்த ரூபாய்க்கு அவர் கொடுத்த விலையில் ஒரு பழைய பைக் வாங்கியிருக்கலாம். அபூர்வமான வருடத்துக் காசு. அந்த வருடத்தில் போலிகளும் உண்டு. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அவருடைய தம்பி விசேஷ வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார்: "அண்ணன் தலையில டூப்ளிகேட்டைக் கட்டிப்போட்டாங்க." நண்பர் பதில் சொன்னதில்லை. காசுகளைச் சோதிக்கும் நிறுவனத்துக்குச் சான்றிதழுக்கு அனுப்பலாமே என்று நான் கேட்டபோதும், "நமக்குத் தெரியுமுல்லங்க, போதும்" என்றுவிட்டார்.

"விக்கறதுக்கு இல்லீங்கண்ணா," என்றார் நண்பரின் மனைவி. "சான்றிதழுக்கு அனுப்பி, ஒரிஜினலா இல்லையான்னு தெரிஞ்சுக்கோணும். கருமாதி அன்னைக்குக்கூட கொழுந்தனார் அதையே பேசிப்போட்டார்."

நகைக்கடை டப்பாவைத் திறந்தார். முன்பு நீலமும் சாம்பலும் கலந்து இருண்டிருந்த காசு, புதுத் தம்ளர் போல வெளுத்திருந்தது. லென்ஸ் தேவைப்படவில்லை.

"யாருங்க அம்மணி இதைக் கழுவினது?"

"பட்டறையிலதானுங்க. நாலு பேர் பாக்கற எடத்துக்கு அனுப்பறோம், கருப்பாவா அனுப்பறது?"

என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு, பட்டறை சூப்பர்வைசருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இருபது வருடம் நண்பரிடம் வேலை பார்த்தவர்.

"ரெண்டே செகண்டுதானுங்கக்கா ஆசிட்ல முக்குனேன். ஓனர் காசாச்சே, பசங்க கையில குடுக்காம நானே செஞ்சேன். அப்பறம் சலவைச் சோடாத் தண்ணியில அலசி, ஈரம் போக மரத்தூள்ல போட்டு நல்லாத் தேய்ச்சு எடுத்தேன். ஏனுங்க, இன்னும் கறை இருக்குதுங்களா? குடுத்து உடுங்க, இன்னொருக்கா போட்டுத் தர்றேன்."

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது," என்றேன் நான்.

லென்ஸில் பார்த்தேன். வெள்ளியில் படியும் கருமையை ஆசிட் தனியாக எடுக்காது. மேல்தோலையும் சேர்த்தே எடுக்கும். மேல்தோல் கெடாத காசைத் திருப்பினால் வெளிச்சம் அதன்மேல் சக்கரம்போல ஓட வேண்டும், இதில் ஓடவில்லை. ராணியின் கன்னத்தில் மரத்தூள் முடியளவு கீறல்களை விட்டிருந்தது. தரம் பார்க்கும் நிறுவனங்கள் எழுபது வரை எண் போடும். கழுவிய காசுக்கு எண் கிடையாது. கழுவியது என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்கே வாங்குபவர்கள் பின்வாங்குவார்கள்.

இதில் எதையும் அன்று நான் சொல்லவில்லை. எடையும் விளிம்பும் அவ்வளவாக மாறாததால் அசலா போலியா என்று தெரிந்துவிடும் என்பதை மட்டும் சொன்னேன். அனுப்பினோம்.

ஆறு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. என் வீட்டு மேஜையில் வைத்து நண்பரின் மனைவியே பிரித்தார். சீல் வைத்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் காசு. மேலே ஒரு சீட்டு. வருடம் இருந்தது, எண் இல்லை.

"ஒரிஜினல்தானுங்களே?"

"ஒரிஜினல்தானுங்க."

"அப்பறம் கீழ இந்த வரி?"

இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். நண்பர் கொடுத்த விலையில் பாதிகூடக் கிடைக்காது என்பதையும் சொன்னேன். அவர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவர் இருந்திருந்தா என்னைத் திட்டியிருப்பாருங்க."

"திட்ட மாட்டார். ஒரு வாரம் பேச மாட்டார்."

சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிப்போடாதீங்கண்ணா. ஆசையாச் செஞ்ச மனுசன்."

"பல்லடத்துல கொழுந்தனார் அந்த வரியைப் படிப்பாரே?"

"படிக்கட்டுங்க. நான்தான் கெடுத்துப்போட்டேன்னு சொல்லிக்கறேன். டூப்ளிகேட்டா இருந்தா கெடுக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

காபி வேண்டாம் என்றார். பல்லடம் பஸ் ஏறுவது காந்திபுரத்திலா, சிங்காநல்லூரிலா என்று கேட்டுக்கொண்டு, கூட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.