நாலு பேணிகளும் ஒரு வாளியும்

போன சனிக்கிழமை என் கையில் ஒரு துப்பாக்கிக் குண்டு அகப்பட்டது. எனக்கு ஏற்கெனவே தெரிந்த குண்டு!

பதறாதீர்கள். சுடுகிறவன் நானில்லை. லாசாலில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் ரெஜான் இருக்கிறார். கியூபெக்காரர், எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். லைசென்ஸ் எடுத்து, கிளப்புக்குப் போய், காகித இலக்கில் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. குண்டைக் கடையில் வாங்கமாட்டார். கராஜில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தானே வார்த்துக்கொள்வார்.

அச்சில் நாலு குழிகள். ஒரே ஈயம், ஒரே சூடு, ஒரே கை... ஆனாலும் குழிக்குக் குழி மயிரிழை வித்தியாசம். கலந்து சுட்டால் காகிதத்தில் ஓட்டைகள் சிதறுமாம். ஒரே குழியில் பிறந்தவற்றைச் சுட்டால் நெருக்கமாக விழுமாம். அதனால் குழிகளில் அடையாளம் கீறி வைத்திருக்கிறார் — ஒன்றில் ஒரு கோடு, அடுத்தவற்றில் இரண்டு, மூன்று, கடைசியில் ஒன்றுமில்லை. குண்டின் உடம்பில் அந்தக் கோடு மெல்லிசாகத் தடித்திருக்கும். அதைப் பார்த்து நாலு தகரப் பேணிகளில் பிரித்துப் போடவேண்டும்.

அவருக்குக் கண் மங்கிவிட்டது. எனக்குச் சனிக்கிழமைகள் மங்கிவிட்டன.

என் மனைவி வசந்தி பேரனைப் பார்க்க ரொறன்ரோவுக்குப் போனாள். "மூண்டு மாசத்திலை வந்திடுவன்" என்றுதான் பஸ் ஏறினாள். பேரன் ஓடித் திரிகிறான். மகள் அடுத்ததற்கும் தயாராகிவிட்டாள். சிநேகிதர்களும் ஒவ்வொருவராக ரொறன்ரோவுக்கு மாறிவிட்டார்கள். எனக்குப் பென்ஷன் வர இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது, வேலையை விடமுடியாது. கிழமை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். சனிக்கிழமை? தமிழ்க் கடைகள் உள்ள பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு மெட்ரோ ஏறிப் போய், தேவையில்லாத கத்தரிக்காய் வாங்குவேன். கடைக்காரர் "என்னண்ணை, சுகமோ?" என்று கேட்பார். அதற்காகத்தான் போவது.

பனி தொடங்கிய பிறகு ஒருநாள் ரெஜான் படிக்கட்டில் மறித்து, பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும், குண்டு பிரிக்க உதவமுடியுமா என்று கேட்டார். உடனே ஒப்புக்கொண்டேன். யாழ்ப்பாணத்தானுக்கு இது புதிய வேலையா என்ன? ஆளைக் கண்டதும் "ஊரிலை எவடம்?" என்று கேட்டு, மனதுக்குள் ஒவ்வொரு பேணியில் போடுகிறவர்கள்தானே நாங்கள்!

வசந்திக்குப் போனில் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, குண்டுக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்தனாங்கள். நீங்கள் என்னெண்டால் அதை இருந்து பொறுக்கிறியளோ?"

"பொழுது போகுது."

"உங்களுக்கு விசர்," என்றாள். பிறகு, "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ, ஈயம்," என்றாள்.

இப்படியாகச் சனிக்கிழமைகள் போயின. அவர் ரேடியோவில் ஹொக்கி கேட்பார், நான் பிரிப்பேன். "கஃபே?" என்று கோப்பிக்குக் கேட்பார். "வீ" என்பேன், ஆமாம் என்று. எங்கள் உரையாடல் பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனாலும் பக்கத்தில் ஒரு மனிதர் மூச்சுவிடுகிறார் அல்லவா?

அச்சு சரியாகச் சூடேறாவிட்டால் குண்டில் சுருக்கம் விழும். அப்படிப்பட்டவற்றைத் திரும்ப உருக்குவதற்கு ஒதுக்கவேண்டும். முந்திய சனிக்கிழமை அப்படி ஒன்று வந்தது. மூக்கில் வளைந்த சுருக்கம், பேரன் பொக்கை வாயால் சிரித்தது போல. ஒதுக்க மனம் வரவில்லை. ரெஜானுக்குத் தெரியாமல் இரண்டு கோட்டுப் பேணிக்குள் போட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை, புதிதாக வார்த்தது என்று அவர் நீட்டிய வாளிக்குள் அதே குண்டு. அதே இரண்டு கோடு, அதே சிரிப்பு.

சுட்ட குண்டு திரும்பி வருமா?

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஈயம் உருக்கும் சட்டியில் தூசி. கதிரையில் சாய்த்திருந்த ஊன்றுகோல். இலையுதிர் காலத்தில் இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர் இந்தப் பனிக்குள் எந்தக் கிளப்புக்குப் போயிருப்பார்? நான் மாடிக்குப் போனதும், பிரித்த நாலு பேணிகளையும் திரும்ப வாளிக்குள் கொட்டியிருக்கிறார். ஒவ்வொரு கிழமையும்!

கோபம் வந்தது. கண் வலிக்க வலிக்கப் பிரித்தவன் நான் அல்லவா? ஆனால் வந்த கோபம் நிலைக்கவில்லை. "தனியாக இருக்கிறது, வந்து கொஞ்சநேரம் இருங்கள்" என்று சொல்ல ஆண்களுக்கு வாய் வராது. கூப்பிட ஒரு வேலை வேண்டும். வசந்தி போனபிறகு இந்த ஊரில் என்னை ஒருவரும் தேடவில்லை என்று நினைத்திருந்தேன். கீழ்வீட்டில் ஒருவர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் பிரித்து முடித்தேன். கை கழுவினேன். ரெஜான் என் முகத்தைப் பார்க்காமல், அடுத்த சனிக்கிழமைக்கும் கொஞ்சம் வார்த்து வைப்பதாகச் சொன்னார்.

பேணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவர் பார்த்திருக்க, வாளிக்குள் கொட்டினேன். கராஜ் முழுக்கக் கடகடவென்று சத்தம். ரெஜான் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு மெதுவாக, "கஃபே?" என்றார்.

"வீ," என்றேன்.

பாவம், இடுப்பு வலியுள்ள மனிதர்... குனிந்து கொட்டக்கூடாதல்லவா?